ரெக்னிக்ஸ் 1200 எம்கே2: திருத்தி வச்சிருக்கிறதோ, குடுத்திட்டுப் புதுசு எடுக்கிறதோ?

கோண்டாவில்33 கேட்டது:

வணக்கம். ரொறன்ரோவில இருந்து வந்த ரெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரேண்ரேபிள் (இசைத்தட்டு ஓட்டுற மெசின்) ஒண்டு கைவசம் இருக்கு. தகட்டில 120 வோல்ற் எண்டு மட்டும்தான் அடிச்சிருக்கு. அதால 230-ஐ 120 ஆக்கிற 100 வாற்று ரான்ஸ்போமர் ஒண்டுக்கால ஓடுது. காட்றிஜ் (ஊசி பூட்டுற, அதின்ர அதிர்வைச் சிக்னலாக்கிற துண்டு) ஷுவர் எம்97எக்ஸ்இ. ஊசி எத்தினை மணித்தியாலம் ஓடினது எண்ட கணக்கு இல்லை.

இப்ப உள்ள குறைகள்: வலப்பக்கச் சத்தம் விட்டு விட்டு வருது, ஹெட்ஷெல்லை (காட்றிஜைப் பிடிச்சிருக்கிற தலையை) தொட்டால் திரும்பி வரும். பிட்ச் தடியை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தடியை) நடுவில விட்டாலும் பச்சை லைற் சில நேரம் நிண்டு எரியுதில்லை, அந்த நேரம் ஸ்ரோப் புள்ளிகள் (சுழல்தட்டின்ர விளிம்பில வேகம் காட்டுற புள்ளிகள்) ஊருது. எல்பியின்ர கடைசிப் பாட்டில "ச", "ஸ" வாற இடமெல்லாம் கிழியிற மாதிரிக் கேக்குது. சத்தத்தைக் கூட்டினால் பின்னால ஊம் எண்ட இரைச்சல்.

இசைத்தட்டு 140 மட்டில, கூடுதலா எச்எம்வி, எக்கோ எல்பிகள். அதோட 78 சுற்று அரக்குத் தட்டு 22, எல்லாம் நாதஸ்வரமும் தவிலும்.

வெளியில இருந்து வாற ஆளிட்டச் சொல்லி எஸ்எல்-1200 எம்கே7 அல்லது எஸ்எல்-1500சி எடுப்பிக்க ஏலும். இதுக்கு மேல இதில செலவழிக்கிறது சரியோ?

ஈயக்கோல் எழுதியது:

குடுக்காதேங்கோ. இன்னும் ஒரு வருசத்துக்காவது.

காரணம் இதுதான். எம்கே2 வந்தது 1979-இல. அதின்ர வேகத் தளம்பல் 0.025 வீதம் எண்டு கொம்பனி போட்டது. 2019-இல வந்த எம்கே7-க்கும் அதே 0.025 தான். 2016-இல வந்த, கனக்கக் காசு பிடிக்கிற 1200ஜி-க்கும் கொம்பனி போட்ட எண் அதுதான். தொடக்க முறுக்குவிசை எம்கே2-இல 1.5 கிலோ-செ.மீ., எம்கே7-இல 1.8. ஆக, மோட்டர் நல்லா இருந்தால் புதுசு எடுத்து நீங்கள் வாங்கிறது கூடின சுழற்சித் தரத்தை இல்லை. 78 வேகம், கழட்டிப் பூட்டக்கூடிய வயர், உத்தரவாதம் இந்த மூண்டுக்கும்தான் காசு போகுது. நீங்கள் சொன்ன நாலு குறையில ஒண்டுகூட மோட்டர்ப் பிழை இல்லை.

வலப்பக்கம் விட்டு வாறது: தொட்டால் வருது எண்டு நீங்களே எழுதினதில விடை கிடக்கு. எங்கட காத்தில உப்பும் ஈரமும் கூட, ஹெட்ஷெல்லின்ர நாலு பித்தளை முனையிலயும் கறுத்த படலம் பிடிக்கும். ஹெட்ஷெல்லைக் கழட்டி, பின்பக்கம் இருக்கிற நாலு சின்ன முனையையும் வெளிச்சத்தில பாருங்கோ. மினுங்காமல் புளி போடாத பித்தளைச் செம்பு மாதிரி மங்கியிருந்தால், பள்ளிப் பிள்ளையளின்ர வெள்ளை அழிறப்பரை மூலைமூலையா வெட்டி, முனையில வச்சு நாலைஞ்சு தரம் உருட்டித் தேயுங்கோ. துகளை ஊதி எடுத்திட்டு, ஐசோபுறொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால துடையுங்கோ. மண்தாள் பாவிக்க வேண்டாம், பூச்சுப் போனால் பிறகு மாசத்துக்கு ஒருக்காக் கறுக்கும்.

அதோட விடாதேங்கோ. ரோன் ஆம் (ஹெட்ஷெல்லைத் தாங்கிற கை) பக்கத்துச் சொக்கெற்றுக்குள்ளயும் நாலு முனை இருக்கு, அதுகள் சுருளில நிக்கிறவை. நெருப்புக்குச்சியின்ர மரப்பக்கத்தால ஒவ்வொண்டாய் மெல்ல அமத்தி விடுங்கோ, நாலும் ஒரே மாதிரித் துள்ளி வெளியில வரவேணும். ஒண்டு உள்ளுக்க இறுகி நிண்டால் அதுதான் உங்கட வலப்பக்கம்.

அப்பிடியும் தீராட்டி, காட்றிஜின்ர வயரை மாத்திப் பாருங்கோ. வெள்ளை இடப்பக்கச் சிக்னல், நீலம் இடப்பக்க எர்த், சிவப்பு வலப்பக்கச் சிக்னல், பச்சை வலப்பக்க எர்த். வெள்ளை-நீலச் சோடியையும் சிவப்பு-பச்சைச் சோடியையும் இடம் மாத்திப் பூட்டினால், குறை இடப்பக்கம் போனால் காட்றிஜ் பிழை. வலப்பக்கத்திலயே நிண்டால் ஆமுக்குள்ள ஓடுற வயர் அல்லது பின்னால வெளியில வந்து அம்பிளிபயருக்குப் போற ஆர்சிஏ வயர். எம்கே2-இல ஆர்சிஏ வயர் உள்ளுக்க ஈயம் வச்சுப் பூட்டினது, வெளியேறுற வாயிலதான் கூடுதலா முறியும்.

பச்சை லைற்: பிட்ச் தடி சரியா நடுப்புள்ளியில படிஞ்சால்தான் குவாட்ஸ் பூட்டு (படிகம் வேகத்தை நிலையாப் பிடிக்கிறது) விழும். தடத்தில தூசி நிண்டால் பூட்டு விழுந்து விழுந்து கழரும், புள்ளி ஊரும். பிளக்கைக் கழட்டிப்போட்டு, தடியை மேலயும் கீழயுமா முழுத் தூரத்துக்கு 40 தரம் ஓட்டுங்கோ. ஒரு கிழமைக்குக் குறை குறைஞ்சால் தூசி எண்டு முடிவு. பிறகு பிளாஸ்ரிக்குக்குக் கேடில்லாத கொன்ராக்ற் கிளீனர் ஒரு சின்ன விசிறல் காணும். கண்டபடி அடிச்சால் தடிக்குள்ள இருக்கிற கிறீஸ் கரைஞ்சு ஓடிப் போகும். அதுக்குப் பிறகு தடி லொடலொடத்து, விட்ட இடத்தில நிக்காது.

"ச", "ஸ" கிழியிறது: ஊசி தேய்ஞ்சிருக்கு, அல்லது காட்றிஜ் கோணம் பிழை, அல்லது ரெண்டும். உள்வட்டத்துக்குப் போகப் போக அதே நேரத்தில ஊசிக்குக் கீழ ஓடுற தடம் கட்டையாகுது. அலைகள் நெருங்கிக் கிடக்கும், தேய்ஞ்ச முனையால அதுக்குள்ள இறங்க ஏலாது. அதால பிழை முதல்ல கடைசிப் பாட்டிலதான் காட்டும். ஷுவர் 2018-இல இந்த வியாபாரத்தையே விட்டிட்டுது, அசல் ஊசி தேடி மினைக்கெட வேண்டாம்.

ஊம் இரைச்சல்: ரோன் ஆமைத் தூக்கி வச்சிட்டு அம்பிளிபயரைக் கூட்டி, ரான்ஸ்போமரின்ர பிளக்கைச் சுவரில இருந்து இழுங்கோ. இரைச்சல் நிண்டால் கரண்டுப் பக்கம், நிக்காட்டி எர்த் வயர். எர்த் எண்டால் அந்த வயரின்ர கவர்முனையையும் அம்பிளிபயரின்ர திருகியையும் கறள் சுரண்டி இறுக்குங்கோ. கரண்டுப் பக்கம் எண்டால் உங்கட ரான்ஸ்போமரை ரேண்ரேபிளுக்குப் பக்கத்தில வச்சிருக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். உங்கட மாதிரி எம்எம் (அசையும் காந்த) காட்றிஜ் எண்டால் உள்ளுக்க காந்தமும் சுருளும்தான், ரான்ஸ்போமரின்ர காந்தப் புலத்தை அது அப்பிடியே இழுக்கும். ஒரு மீற்றராவது தள்ளி, ரேண்ரேபிளின்ர இடப்பக்கமா, ஆமுக்கு எட்ட வையுங்கோ.

100 வாற்று தாராளம், எம்கே2 எடுக்கிறது 13.5 வாற்று. கனடாவின்ர 60 ஹேர்ட்ஸ் இஞ்ச 50 ஆகிறதால வேகம் மாறாது, மோட்டருக்கு வேகம் சொல்லுறது குவாட்ஸ், கரண்டு இல்லை. உள்ளுக்க இருக்கிற ரான்ஸ்போமர் மட்டும் கொஞ்சம் கூடச் சுடும். ஒண்டே ஒண்டு கவனம்: வீட்டில ஆரும் தெரியாமல் நேர 230-இல குத்திப் போடக் கூடாது. ரான்ஸ்போமரும் அதுக்குப் பின்னால உள்ள றெகுலேற்றரும் ஒரே அடியாப் போகும். ரேண்ரேபிளின்ர தட்டைப் பின் பிளக்கை ரான்ஸ்போமரின்ர வாயிலயே கட்டி விடுங்கோ.

மாதகல்_அலை எழுதியது:

மேல எழுதினது எல்லாம் சரி, ஆனால் 78-ஐப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எம்கே2-இல 33⅓-உம் 45-உம் மட்டும்தான். எம்கே7, 1500சி ரெண்டிலயும் 78 இருக்கு.

78-க்காக எடுக்கிறதெண்டால் 1500சி வேண்டாம். அதில பிட்ச் தடி இல்லை. பழைய 78 தட்டுகள் எல்லாம் சரியா 78-இல பதியப்பட்டவை இல்லை, ஒண்டுக்கொண்டு வேகம் மாறும். நாதஸ்வரத்துக்கு இது சின்னக் காரியம் இல்லை: வேகம் 6 வீதம் பிழைச்சால் சுருதி அரைக்கட்டை ஏறும் அல்லது இறங்கும். ரெண்டுக் கட்டையில வாசிச்ச பாரி நாதஸ்வரம் ரெண்டரையில கேக்கும், தவிலின்ர தொப்பிப் பக்கமும் சுருங்கிப் போகும். ஒத்துச் சுருதியைச் சுருதிப்பெட்டியோட ஒப்பிட்டு, பிட்ச் தடியால இழுத்து நிறுத்த வேணும். அதுக்கு எம்கே7 தான்.

இன்னொண்டு, தயவுசெய்து அந்த ஷுவர் ஊசியால அரக்குத் தட்டைத் தொடாதேங்கோ. எல்பி ஊசிமுனை 18 மைக்ரோன் அளவு, 78-க்கு வேண்டியது 75 மைக்ரோன் மட்டில. சின்ன ஊசி பள்ளத்தின்ர அடியில போய் விழுந்து புழுதியை உழும். தட்டும் பழுது, ஊசியும் பழுது.

கோண்டாவில்33 எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. பார்த்து முடிஞ்சுது. சொக்கெற்றுக்குள்ள ஒரு முனை உள்ளுக்க இறுகித்தான் நிண்டது, ஆட்டி எடுத்து அற்ககோல் போட்டபிறகு வலப்பக்கம் விடாமல் வருது. ரான்ஸ்போமரைத் தள்ளி வச்சபிறகு இரைச்சல் முக்காவாசி குறைஞ்சிட்டுது. பிட்ச் தடி 40 தரம் ஓட்டினதோட பச்சை லைற் நிண்டு எரியுது.

இப்ப ரெண்டு கேள்வி. ரோன் ஆமை ரெண்டு விரலால பிடிச்சு மெல்ல ஆட்டினால் அடியில ஒரு லொடக் இருக்கு. பெயறிங் போச்சுதெண்டால் புதுசுதானோ? அப்பிடி இல்லாட்டி எந்தக் காட்றிஜ் போடுறது?

ஊசிமுனை எழுதியது:

லொடக் எண்ட உடன பெயறிங் எண்டு முடிவு கட்டாதேங்கோ. எம்கே2-இல ஆமின்ர உயரத்தை 6 மி.மீ. வரைக்கும் ஏத்தி இறக்க ஒரு வளையமும், அதை இறுக்க ஒரு பூட்டுத் தடியும் இருக்கு. அந்தப் பூட்டு திறந்து கிடந்தால் முழு ஆமும் அடியோட ஆடும், பெயறிங் போன மாதிரியே இருக்கும். முதல்ல அதை இறுக்கிப்போட்டு ஆட்டிப் பாருங்கோ.

அதுக்குப் பிறகும் ஆடினால் ஒரு சோதினை. ஊசிக் கவசத்தைப் போட்டு, அன்ரி-ஸ்கேற்றிங்கை (ஆமை வெளிப்பக்கம் மெல்ல இழுக்கிற விசையை) 0-இல விட்டு, பின்பாரத்தைத் திருப்பி ஆம் கிடையா மிதக்கிற மட்டுக்குக் கொண்டு வாங்கோ. இப்ப ஹெட்ஷெல்லை மெல்ல ஊதுங்கோ. ஆம் வழுக்கிக்கொண்டு போய்த் தானா ஓய வேணும். ஒரே இடத்தில ஒவ்வொரு தரமும் தடக்கி நிண்டால் அந்த இடத்தில குண்டு குழி விழுந்திருக்கு. அடுத்ததா அன்ரி-ஸ்கேற்றிங்கை 0.5-க்குத் திருப்பினால் மிதக்கிற ஆம் தானா வெளிப்பக்கம் அசைய வேணும். அசையாட்டி உராய்வு கூட. கொம்பனி சொன்ன உராய்வு 7 மில்லிகிராம், அவ்வளவு மெல்லிசான காரியம்.

தளர்வு மட்டும் இருந்து தடக்கல் இல்லாட்டி, பக்கத்துத் திருகியையும் அதின்ர பூட்டுச் சுரையையும் கொஞ்சம் கொஞ்சமா, எட்டில ஒரு சுற்றுக்கும் குறைவா இறுக்கி எடுக்கலாம். கை பழகினவரிட்டக் குடுங்கோ. கூட இறுக்கினால் அண்டைக்கே குழி விழும்.

தடக்கல் இருந்தால் முழு ஆமையும் மாத்த வேணும். என்ர கணக்கில புதுசைப் பற்றி யோசிக்கிற இடம் இதுதான். ஆம் பெயறிங் போனது, மோட்டரை ஓட்டுற ஐசி போனது (இப்ப செய்யிறேல்லை, கழட்டினதுதான் கிடைக்கும்), சுழல்தட்டின்ர அடியில உள்ள காந்த வளையம் வெடிச்சது. இந்த மூண்டில ஒண்டு இருந்தால் குடுக்கலாம். மற்றதெல்லாம் கையால தீரும்.

காட்றிஜுக்கு, உங்கட 22 அரக்குத் தட்டையும் யோசிச்சால் ஓடியோ-ரெக்னிக்கா விஎம்95 தான். உடம்பு ஒண்டு, ஊசி மட்டும் இழுத்து மாத்தலாம். எல்பிக்கு விஎம்95இ (நீள்வட்ட முனை, 2 கிராம்) அல்லது விஎம்95எம்எல் (மைக்ரோலீனியர்), 78-க்கு விஎம்95எஸ்பி (5 கிராம்). காசு இடம் குடுத்தால் எம்எல் எடுங்கோ. கொம்பனிக் கணக்கில நீள்வட்ட ஊசிக்கு 300 மணித்தியாலம், எம்எல்லுக்கு 1000. உங்கட "ச", "ஸ" பிரச்சினைக்கும் எம்எல்தான் நேரடி மருந்து, ஒடுங்கின முனை உள்வட்ட அலைக்குள்ள இறங்கும். புது ரேண்ரேபிளில பழைய மாதிரி ஊசி போட்டுக் கேக்கிறதை விட இந்தப் பழைய எம்கே2-இல எம்எல் போட்டுக் கேக்கிறது எவ்வளவோ தெளிவு.

ஆமோட பொருந்துமோ எண்டு பார்த்தால், ஹெட்ஷெல்லோட ஆமின்ர பயன்நிறை 12 கிராம், காட்றிஜ் 6.1, ஸ்குறூ 1 எண்டு வையுங்கோ. இந்த நிறைக்கும் அந்த ஊசியின்ர இளக்கத்துக்கும் அதிர்வு 10 ஹேர்ட்ஸ் கிட்ட விழும். 8-க்கும் 12-க்கும் இடையில நிண்டால் நல்லது.

பூட்டுற முறை: ரெக்னிக்ஸின்ர அளவு, ஹெட்ஷெல்லின்ர பின் றப்பர் வளையத்தில இருந்து ஊசிமுனைக்கு 52 மி.மீ. இதால ஓவர்ஹாங் (ஊசிமுனை நடுக்குத்தியைத் தாண்டி நீளுற தூரம்) 15 மி.மீ. வரும். அப்பிடிப் பூட்டினாலே மோசமில்லை. உள்வட்டம் இன்னும் சுத்தமா வேணுமெண்டால் பேர்வால்ட் கணக்குக்கு (காட்றிஜ் கோணம் வைக்கிற இன்னொரு முறைக்கு) போங்கோ. நடுக்குத்தியில இருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. எண்ட ரெண்டு இடத்திலயும் காட்றிஜின்ர முகம் கோட்டுக்குச் சமாந்தரமா நிக்க வேணும். எம்கே2-இல அதுக்கு ஓவர்ஹாங் 18 மி.மீ. மட்டுக்கு வரும், காட்றிஜும் ஹெட்ஷெல்லுக்குள்ள ரெண்டு பாகைக்குக் கிட்ட உள்ளுக்குத் திரும்பி நிக்கும். கண்ணுக்குக் கோணலாத் தெரியும், பயப்பிட வேண்டாம். விஎம்95-இன்ர உடம்பு பிளாஸ்ரிக், ஸ்குறூவை விரல் நுனியால இறுக்கிறதோட நிப்பாட்டுங்கோ.

பாரத்துக்கு டயலை மட்டும் நம்பாதேங்கோ. கஸ்தூரியார் வீதி நகைக்கடையளில பாவிக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிற்றல் தராசு போதும். ஆனால் அதின்ர தட்டு இரும்பெண்டால் காட்றிஜின்ர காந்தம் இழுத்துப் பிழை எண் காட்டும். காந்தம் ஒட்டாத அலுமினியத் துண்டு ஒண்டை மேல வச்சு, ஊசியை அதில இறக்குங்கோ. இறக்கிற உயரம் இசைத்தட்டின்ர உயரமா இருக்க வேணும், உயர்ந்து நிண்டால் எண் மாறும். எஸ்பி ஊசிக்கு மாத்தேக்கை 5 கிராமைத் தராசிலதான் எடுக்க வேணும். பிறகு எல்பி ஊசியைப் போட முதல் 2 கிராமுக்கு இறக்க மறக்காதேங்கோ, மறந்தால் எம்எல்லின்ர மெல்லிய தண்டு மடியும்.

சுன்னாகம்_கழுவி எழுதியது:

எம்எல் ஊசி வாங்கிறதுக்கு முன்னால தட்டுகளைக் கழுவுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி வேண்டாம். சுண்ணாம்புக் கல்லுக்கால வாற தண்ணி, காய்ஞ்சால் கேத்திலின்ர அடியில பிடிக்கிற அதே வெள்ளைப் படலம் பள்ளத்துக்குள்ள பிடிக்கும். பிறகு அதை எடுக்கிறது பெரும்பாடு. மோட்டர் சாமான் கடையில விக்கிற பற்றறித் தண்ணி எடுங்கோ, போத்திலில "வடித்த நீர்" எண்டு போட்டிருக்கோ எண்டு பார்த்து. அதே தட்டில அசிற்றும் வச்சிருப்பினம்.

எல்பிக்கு: 800 மில்லிலீற்றர் வடித்த நீர், 200 மில்லிலீற்றர் ஐசோபுறொப்பைல், வாசமில்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு துளி. பள்ளம் ஓடுற பக்கத்துக்கே மெல்லிய தூரிகையால சுத்திச் சுத்தித் தேய்ச்சு, வெறும் வடித்த நீரால ரெண்டு தரம் அலசுங்கோ. மாரியில வந்த பூஞ்சணம் வட்டமா, சாம்பல் பொட்டு மாதிரி இருக்கும், அதுக்கு அஞ்சு நிமிசம் ஊற விட வேணும். காய வைக்கிறது நிழலில, நிக்க வச்சு. வெயிலில வச்சால் அரை மணித்தியாலத்தில அப்பளமா வளையும்.

அரக்குத் தட்டுக்கு அற்ககோல் துளியும் ஆகாது. அரக்கு அற்ககோலில கரையும், ஒரு துடைப்பிலயே மினுக்கம் போய்க் கறுப்புப் பஞ்சில வரும். வடித்த நீரும் சோப்புத் துளியும் மட்டும், உடன துடைச்சுக் காய வையுங்கோ.

மாதகல்_அலை எழுதியது:

ஊசிமுனை சொன்னதுக்குப் பிறகு என்ர சொல்லை மாத்துறன். 22 தட்டுக்காக எம்கே7 தேவையில்லை. எம்கே2-இலயே எஸ்பி ஊசியால 45-இல ஓட்டி, கணினியில பதிஞ்சு, ஓடாசிற்றி எண்ட சத்தம் திருத்திற மென்பொருளில வேகத்தை 1.733 மடங்காக் கூட்டுங்கோ. 3 நிமிசம் 20 செக்கனில முடியிற பக்கம் 45-இல 5 நிமிசம் 47 செக்கன் ஓடும். மெல்ல ஓடுறதால வளைஞ்ச தட்டிலயும் ஊசி துள்ளாது, அது ஒரு நன்மை.

ஒழுங்கு முக்கியம். போனோ அம்பிளிபயர் ஆர்ஐஏஏ வளைகோட்டை (எல்பிக்குரிய தாழ்சுர, மேல்சுரத் திருத்தத்தை) போட்டுத்தான் தரும். முதல்ல அதைத் தலைகீழாப் போட்டு எடுங்கோ, பிறகு வேகத்தைக் கூட்டுங்கோ, அதுக்குப் பிறகு 78-க்குரிய வளைகோட்டைப் போடுங்கோ. வேகத்தை முதல் கூட்டினால் வளைகோடு இடம்பெயர்ந்து நாதஸ்வரம் தகரமாக் கேக்கும். ரெண்டு பக்கச் சத்தத்தையும் சேர்த்து மோனோ ஆக்குங்கோ, மேல் கீழ் அசைவால வாற கறகறப்பு அரைவாசி அதிலயே போகும். கடைசியா ஒத்தைக் கேட்டுச் சுருதியை 1, 2 வீதம் இழுத்துச் சரிபாருங்கோ.

கோண்டாவில்33 எழுதியது:

பூட்டுத் தடிதான் திறந்து கிடந்தது. இறுக்கினபிறகு லொடக் இல்லை, ஊதினால் தடக்காமல் வழுக்குது. எம்எல், எஸ்பி ரெண்டு ஊசிக்கும் சொல்லியாச்சு. சுழல்தட்டைக் கழட்டினால் நடுத்தண்டுக்கு எண்ணெய் விடுறதோ? தையல் மெசின் எண்ணெய் இருக்கு.

ஈயக்கோல் எழுதியது:

விடுங்கோ, 2000 மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு மூண்டு துளி. நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் கேட்டால் கால் குறைய மூண்டு வருசம். சேர்மானம் இல்லாத, தெளிஞ்ச மெல்லிய கனிம எண்ணெய் எண்டால் தையல் மெசின் எண்ணெய் பாதகமில்லை. மஞ்சளாப் பழசாகியிருந்தால் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் துருப்பிடிச்ச ஆணிக்கு அடிக்கிற விசிறலும் கிட்டவும் வரக்கூடாது, ஒண்டு பிசினாகும், மற்றது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும்.

பிளக்கைக் கழட்டிப்போட்டு, ரெண்டு விரல் ஓட்டைக்கும் விரலைக் குடுத்து சுழல்தட்டை நேர மேல தூக்குங்கோ, சரிச்சுத் தூக்க வேண்டாம். அடியில உள்ள காந்த வளையம்தான் மோட்டரின்ர பாதி. கவிட்டு, துணிக்கு மேல வையுங்கோ, மேசையில ஒரு இரும்புத்தூள் கிடந்தாலும் ஒட்டிக்கொண்டு போய்ச் சுருளில உரஞ்சும். தட்டைத் திருப்பிப் போடும் மட்டும் ஸ்ராற் பட்டனை அமத்த வேண்டாம். போட முதல் வளையத்தை ஒட்டுப்பசை நாடாவால ஒருக்கா ஒத்தி எடுங்கோ.